பாதுகாப்பின் பெயரால் எழும் மதில்கள்: சென்னைக் கறுப்பர் நகரத்தின் தெருக்களை வாசித்தல்

"பாதுகாப்புக்காகவே இச்சுற்றுச்சுவர் எழுப்பப்பட்டது, வேறு உள்நோக்கம் ஏதுமில்லை." திருப்பூரை ஒட்டிய ஊராட்சி ஒன்றில் அருந்ததியர் குடியிருப்பின் பாதையை மறித்து நின்ற மனைப்பிரிவுச் சுவர் தொடர்பான வழக்கில், எதிர்த்தரப்பினர் தாக்கல் செய்த எதிருரை கூறியது இவ்வளவுதான். அக்குடியிருப்பின் பெண்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனிகளில் செக்கிங், கைமடி வேலை செய்பவர்கள். அப்பாதை வழியே சென்றால் கம்பெனி வேன் நிற்கும் இடத்தைப் பத்து நிமிடத்தில் அடைவார்கள். சுவர் எழுந்தபின் நெடுஞ்சாலையைச் சுற்றி, இருட்டில், லாரிகளுக்கு இடையே நடந்து சென்றார்கள். யாருடைய பாதுகாப்பு என்ற கேள்வியை எதிருரை எழுப்பவில்லை. அதை எழுப்புவது எங்கள் வேலையாயிற்று.

இத்தகைய வழக்குகளுக்காகத் திருப்பூரில் சேரன் விரைவு வண்டி ஏறி, விடியற்காலையில் சென்னை சென்ட்ரலில் இறங்குவது எங்களுக்குப் பழகிப்போன பயணம். வழக்கு தள்ளிவைக்கப்படும் நாட்களில், இரவு வண்டிக்கு முன்னுள்ள நேரத்தில், உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள ஜார்ஜ் டவுன் தெருக்களில் நடப்பதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம். ஒருகாலத்தில் கடலுக்கும் மதிலுக்கும் இடையே அடைபட்டிருந்த இந்நகரத்தின் பழைய பெயர் கறுப்பர் நகரம். மதிலைப் பற்றி வாதிட வந்த நாங்கள், மதிலால் உருவான நகரத்தையே வாசிக்க வேண்டியிருந்தது. செயற்பாட்டாளர்களுக்கும் மாணவர்களுக்கும் அவ்வாசிப்பு பயன்படும் என்பதால் இதை எழுதுகிறோம்.

துணிக்காகப் பிறந்த நகரம்

திருப்பூர்க்காரர்கள் சென்னையைப் பற்றி முதலில் அறிய வேண்டியது, அது துணிக்காகவே பிறந்த நகரம் என்பது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேயும் ஆண்ட்ரூ கோகனும் 1639ஆம் ஆண்டு தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து இந்த மணற்பரப்பைப் பெற்றார்கள். இங்கே இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நிற்க, மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்துதான் சரக்கு ஏற்ற முடிந்தது. ஆயினும் இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு முதன்மையான காரணம், சுற்றுவட்டாரத்தில் பருத்தித் துணி மலிவாகக் கிடைத்ததே ஆகும்.

கோட்டைக்குள் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி வெள்ளையர் நகரம் எனப்பட்டது. அதன் வடக்கே வணிகர்களும் நெசவாளர்களும் துணிக்கு வண்ணம் தீட்டுவோரும் குடியேறிய பகுதி கறுப்பர் நகரம் எனப்பட்டது. நகரம் வளர்ந்தபோது துணித் தொழிலின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு பேட்டையாயிற்று. துணி வெளுப்போருக்கு வண்ணாரப்பேட்டை. ஆளுநர் காலெட்டின் பெயரால் நெசவாளர்க்கு அமைந்து, மக்கள் வாயில் மருவிய காலடிப்பேட்டை. 1730களில் நூற்போருக்கும் நெய்வோருக்குமாக அமைந்த சிந்தாதிரிப்பேட்டை. இன்று திருப்பூரில் நிட்டிங் ஓரிடத்தில், சாயப்பட்டறை ஓரிடத்தில், தையல் ஓரிடத்தில் எனத் தொழில் பிரிந்திருப்பதைப் பார்ப்போருக்கு இது புதிதாகத் தோன்றாது. பனியன் என்னும் சொல்லே இவ்வணிகத்தின் எச்சம். குஜராத்தி வணிகரைக் குறித்த சொல் போர்ச்சுகீசியர், ஆங்கிலேயர் வாய்களின் வழியே ஆடையின் பெயராகி நம்மிடம் திரும்பி வந்தது. 'கம்பெனி' என்ற சொல்லும் அப்படித்தான். அன்று துணி வாங்கிய கம்பெனியின் பெயரால்தான் இன்று துணி தைக்கும் கூடத்தையும் அழைக்கிறோம்.

இத்துணியோடு வேறொரு சரக்கும் இக்கடற்கரையிலிருந்து கப்பலேறியது. 1680களின் பஞ்ச காலத்தில், பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்க நேர்ந்த மக்கள் அடிமைகளாக ஏற்றுமதி செய்யப்பட்டார்கள். அக்காலத்தை ஒட்டி, 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். அவர் பின்னாளில், 1718இல், அமெரிக்காவின் கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது பொதிச் சரக்குகளும் நூல்களும் அனுப்பினார். அப்பொதிகள் 562 பவுண்டுக்கு விற்கப்பட, அக்கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அதுவே இன்றைய யேல் பல்கலைக்கழகம். அவருடைய மகனைப் புதைத்த கல்லறைத் தோட்டம் இருந்த நிலத்தில்தான் பின்னர் சென்னைச் சட்டக் கல்லூரி எழுந்தது. சாலையைக் கடக்கும்போது இந்த மூன்று செய்திகளையும் ஒருசேர நினைத்துக்கொள்வது நல்லது.

இடிக்கப்பட்ட நகரத்தின் மீது நீதிமன்றம்

உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. அது நிற்கும் இடம் வெற்று நிலமாக இருந்ததில்லை. அதுதான் முதல் கறுப்பர் நகரம்.

1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. கோட்டையை வலுப்படுத்துவதற்காகப் பிரெஞ்சுக்காரர்கள் கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தபோது அவர்களும் அதே தருக்கத்தைப் பின்பற்றினார்கள். கோட்டையின் பீரங்கிகளுக்கு எதிரே வெட்டவெளி வேண்டும். வீடுகள் இருந்தால் பகைவன் அவற்றில் மறைந்துகொள்வான். எனவே எஞ்சிய வீடுகளும் தெருக்களும் அகற்றப்பட்டன. 1757இல் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிக்கப்பட்டது; பின்னர் வேறிடத்தில் மாற்றுக் கோயில் எழுந்தது. மக்கள் வடக்கே முத்தியால்பேட்டையையும் பெத்தநாயக்கன்பேட்டையையும் சேர்ந்தார்கள். அதுவே புதிய கறுப்பர் நகரமாயிற்று.

1773இல் அவ்வெட்டவெளியின் எல்லையைக் குறிக்க ஆறு தூண்கள் நடப்பட்டன. அவற்றுக்கும் கோட்டைக்கும் இடையே எவரும் கட்டடம் எழுப்பலாகாது. எஞ்சிய ஒரு தூண், பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக இன்றும் நிற்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கவனிப்பதில்லை. சட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஏனெனில் அது இந்நகரத்தில் அதிகாரம் எழுதிய தெளிவான ஆவணங்களுள் ஒன்று. உள்ளே இருப்போரின் பாதுகாப்புக்காக வெளியே இருப்போரின் வீடு அகற்றப்படும் என்பதே அதன் பொருள்.

பின்னர் கம்பெனிக்கு மதில் நினைவு வந்தது. 1758-59இல் லாலியின் முற்றுகை புதிய கறுப்பர் நகரத்தைச் சூறையாடக் கண்டதும், 1769இல் ஹைதர் அலியின் படை சென்னை வாயில்வரை வந்ததும், இந்நகரின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பும் வேலையை விரைவுபடுத்தின. கிழக்கே கடல், தெற்கே கோட்டை. நகரம் நாற்புறமும் அடைபட்டது. மதிலுக்கான செலவை மக்களிடமே வரியாகத் தண்டத் திட்டமிட்டார்கள். அவ்வரி உண்மையில் வசூலிக்கப்படவில்லை என்பதே வரலாற்றாசிரியர்கள் கூறுவது. ஆயினும் மதிலின் உட்புறமாக ஓடிய சாலைக்கு வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் நிலைத்துவிட்டது. சென்ட்ரலில் இறங்கும் திருப்பூர்க்காரர் எவரும் அறிந்த சாலை அது. மதிலின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. வடக்கே பழைய சிறைச்சாலைச் சாலையில், மாடிப் பூங்கா என்று அழைக்கப்படும் இடத்தில், ஒரு துண்டு மட்டும் மிஞ்சி நிற்கிறது.

தெருவுக்குள் தெரு

மதில் வெளிப்பகையைத் தடுத்தது என்றால், உள்ளே தெருக்கள் வேறொரு வேலையைச் செய்தன. தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, பவளக்காரத் தெரு, ஆர்மேனியன் தெரு என்று நடக்கும்போது, பெயர்ப் பலகைகளே ஒரு சமூகப் பட்டியலாக இருப்பதைக் காணலாம். யார் எத்தெருவில் குடியிருக்கலாம், யாருடைய திருமண ஊர்வலமும் சாமி ஊர்வலமும் எத்தெரு வழியே செல்லலாம் என்பது இங்கே உயிர்போகும் பிரச்சினையாக இருந்தது. வலங்கை, இடங்கை என்ற இரு பெரும் சாதி அணிகளுக்கிடையே 1652இல் மோதல் மூண்டது. 1707இல், தாமஸ் பிட் ஆளுநராக இருந்த காலத்தில், திருமண ஊர்வலத்தை ஒட்டி மீண்டும் பெரும் மோதல் எழுந்தது. வலங்கையினர் பலர் நகரத்தை விட்டே வெளியேறிச் சாந்தோமுக்குச் சென்றார்கள். வணிகம் தடைப்படும் என அஞ்சிய கம்பெனி தெருக்களைப் பங்கிட்டுக் கொடுத்துச் சமரசம் செய்தது. அதாவது, சாதியால் பிரிந்த தெருவைக் கம்பெனி கண்டுபிடிக்கவில்லை. அதற்குத் தன் முத்திரையை இட்டது.

இப்பங்கீட்டில் தாழ்த்தப்பட்டோர் எங்கே நின்றார்கள்? பறையர் வலங்கை அணியில் எண்ணப்பட்டார்கள். தெருச் சண்டை என்றால் முன்வரிசையில் அவர்கள் நிறுத்தப்பட்டார்கள். தெருவைப் பங்கிடும்போதோ பேச்சுவார்த்தையில் அமர்ந்தவர்கள் வணிகர்களும் சாதித் தலைவர்களுமே. அவர்களுடைய குடியிருப்பு கம்பெனி ஆவணங்களில் 'பெரிய பறைச்சேரி' எனக் குறிக்கப்படுகிறது. ஐரோப்பியர் வீடுகளின் சமையற்கூடம், குதிரை லாயம், சுமைதூக்குதல், நகரின் கழிவகற்றல் என அவர்கள் கைபடாத வேலை இந்நகரத்தில் குறைவு. அவர்களின்றி நகரம் ஒருநாளும் இயங்காது. ஆனால் அவர்களுக்கு நகரத்தில் தெரு இல்லை, சேரிதான் உண்டு.

இம்மக்கள் வாய்மூடி இருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தம் குடியிருப்பு நிலத்தின் மீதான உரிமையைக் காக்கப் பறைச்சேரி மக்கள் கம்பெனி அரசுக்கு மனுக்கள் எழுதினார்கள். வரலாற்றாசிரியர் அபர்ணா பாலச்சந்திரன் போன்றோரின் ஆய்வுகள் அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துள்ளன. மாமூல் என்ற சொல்லை, அதாவது நெடுங்கால வழக்கம் என்பதை, அவர்கள் தங்கள் உரிமைக்கான சட்ட வாதமாகத் திருப்பினார்கள். அரசமைப்புக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே நம் மக்கள் மனுதாரர்களாக நின்றார்கள் என்பதை, இன்று மனு எழுதும் நாம் மறந்துவிடலாகாது.

நடக்கும் உரிமை

பொதுத்தெருவில் நடப்பது இயல்பான ஒன்று என இன்றைய மாணவர் கருதலாம். அது சட்டமன்றத்தில் கேட்டுப் பெறப்பட்ட உரிமை. 1924 ஆகஸ்ட் 22 அன்று சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நகரத்திலோ கிராமத்திலோ உள்ள எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கலாம், பொது அலுவலகம், கிணறு, குளம், பொது இடம் ஆகியவற்றைப் பிறரைப் போலவே பயன்படுத்தலாம், அதற்கு எவரும் மறுப்புத் தெரிவிக்கலாகாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று அது அரசாணையாக வெளிவந்தது. அதே காலகட்டத்தில், திருப்பூரும் அடங்கியிருந்த பழைய கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து சென்ற ஆர். வீரையனும் இவ்வுரிமைக்காகச் சட்டமன்றத்தில் போராடினார். இன்று கொங்குப் பகுதியில் அவர் பெயரை அறிந்த மாணவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி எங்களை உறுத்துகிறது.

அத்தீர்மானத்தின் நூற்றாண்டு 2024இல் கடந்துபோயிற்று. இடையில் சட்டம் வெகுதூரம் வந்துள்ளது. அரசமைப்பின் 15(2), 17ஆம் உறுப்புகள் யாவரும் அறிந்தவை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரால் பாதையைத் தடுப்பதை மட்டுமன்றி, எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதை, வாங்குவதை, குடியிருப்பதைத் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவு, பாதையைப் பயன்படுத்துவதை, பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, காலணி அணிவதை, திருமண ஊர்வலம் செல்வதை, புத்தாடை உடுத்துவதைத் தடுப்பதைத் தனித்தனியே பெயர் சொல்லிக் குற்றமாக்குகிறது.

திருமண ஊர்வலத்துக்காக 1707இல் தெருக்கள் பங்கிடப்பட்டன. திருமண ஊர்வலம் போகும் உரிமையை 2015இலும் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. உலகுக்கே புத்தாடை தைத்து அனுப்பும் வட்டாரத்தில், புத்தாடை உடுத்தத் தடை செய்வது குற்றம் என்ற வரி இன்னும் தேவைப்படுகிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், எவ்வளவு வரவில்லை என்பது விளங்கும்.

மதிலுக்கு வெளியே

வால்டாக்ஸ் சாலைக்கு மேற்கே ரயில் பாதைகளுக்கு அப்பால் புளியந்தோப்பும் பெரம்பூரும் உள்ளன. பக்கிங்காம், கர்நாடிக் துணி ஆலைகள் இயங்கியது அங்கேதான். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தோன்றியதும் அங்கேதான். 1921இல் நடந்த நெடிய வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேராமல் நின்றார்கள். அது சாதி மோதலாக வெடித்தது. சேரிக் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. நிர்வாகமும் அரசும் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன என்பது உண்மை. ஆனால் நிலமோ சேமிப்போ திரும்பிச் செல்ல ஓர் ஊரோ இல்லாத மக்கள் மாதக்கணக்கில் கூலியின்றி எப்படி வாழ்வார்கள் என்ற கேள்விக்குச் சங்கத்திடம் விடை இல்லாமல் போனது அதைவிடப் பெரிய உண்மை.

திருப்பூரின் தொழிற்சங்க வரலாற்றில் 1984ஆம் ஆண்டின் 127 நாள் பஞ்சப்படிப் போராட்டம் பெருமிதத்தோடு நினைக்கப்படுகிறது. அது நினைக்கத்தக்கதே. ஆயினும் கூலியைப் பேசும் சங்கம், கம்பெனி முடிந்து தொழிலாளி திரும்பிச் செல்லும் தெருவையும் பேச வேண்டும். பவர் டேபிளில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து தைப்பவர்கள், வாடகைக்கு வீடு தேடும்போது ஒரே தெருவில் குடியேற முடிகிறதா? 'எந்த ஊர், எந்தப் பக்கம், என்ன சாமி கும்பிடுவீங்க' என்று வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகள் எதைத் துழாவுகின்றன என்பதைத் திருப்பூரில் லைன் வீடு தேடிய எந்தத் தலித் தொழிலாளியும் அறிவார். புளியந்தோப்பு நமக்குக் கற்பிக்கும் பாடம் இது. தெருவில் சாதி இருக்கும்வரை, ஆலைக்குள் உருவாகும் ஒற்றுமை நெருக்கடி நாளில் நிற்காது.

அகற்றுதல் என்னும் பழக்கம்

வெட்டவெளி உண்டாக்குவது பிரெஞ்சுப் போரோடு முடிந்துவிடவில்லை. 2008 நவம்பர் 12 அன்று சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் தலித் மாணவர்களுக்கும் ஆதிக்கச் சாதி மாணவர்களுக்கும் இடையே நடந்த வன்முறையை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கர் பெயரை நீக்கி அச்சிடப்பட்ட சுவரொட்டி அதற்குத் தூண்டுதலாக இருந்தது. காவலர்கள் வாயிலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னர் அமைந்த விசாரணை ஆணையம் கல்லூரியை இடம் மாற்றப் பரிந்துரைத்தது. 2018இல் மாணவர்கள் நகருக்கு வெளியே புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் அனுப்பப்பட்டார்கள். சாதியை என்ன செய்வது என்ற கேள்விக்கு, மாணவர்களை எங்கே வைப்பது என்பது விடையாயிற்று.

2025 ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்துக்கு எதிராக ரிப்பன் மாளிகை வாயிலில் 13 நாட்கள் அமர்ந்திருந்தார்கள். இத்தெருக்களைப் பெருக்கும் கைகள் அவர்களுடையவை. நடைபாதையை மறிக்கிறார்கள் என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை அடுத்து, ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. பொதுமக்கள் நடக்கும் உரிமை சட்டத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அவ்வுத்தரவு காட்டியது. அதே அக்கறையையே, காலனிப் பாதையை மறிக்கும் சுவர்களின் வழக்குகளில் நாங்கள் கேட்கிறோம்.

உத்தப்புரத்தில் சுமார் இருபது ஆண்டுகள் நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் ஓங்கி நின்ற சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 தலித் மக்களைக் கொன்றது. அச்சுவரும் ஒரு வீட்டின் பாதுகாப்புக்காக எழுப்பப்பட்டதே.

பெயரும் பாதையும்

கறுப்பர் நகரம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆனது. இழிவுப் பெயர் போயிற்று. ஆனால் யார் தெருவைச் சொந்தம் கொண்டாடுவது, யார் அதைப் பெருக்குவது என்ற ஏற்பாடு அப்படியே நின்றது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் எனத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. பலகை மாறிய பின் பாதை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

அதற்குச் செயற்பாட்டாளர்கள் செய்யத்தக்க சில வேலைகள் உண்டு. உங்கள் பகுதியில் ஒரு சுவர் பாதையை மறித்தால், ஆத்திரத்தோடு ஆவணங்களையும் கையில் எடுங்கள். கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு ஆகியவற்றில் அது பாதையாகக் குறிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். மறிப்பது மனைப்பிரிவுச் சுவர் எனில், நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் அளித்த வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். ஒப்புதல் பெறும்போது மனைப்பிரிவின் சாலைகளும் பொது ஒதுக்கீட்டு இடமும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். அந்தப் பத்திரம் கையில் கிடைத்தால், 'இது எங்கள் தனியார் சாலை' என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும். பாதையை முன்பிருந்தே பயன்படுத்தியதற்கான சான்றுகளைச் சேகரியுங்கள். அது நம் முன்னோர் எழுதிய மாமூல் வாதத்தின் தொடர்ச்சி. சாதி காரணமாக மறிக்கப்பட்டது எனில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் அளியுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்பதை 18ஏ பிரிவு தெளிவாகக் கூறுகிறது. கடமை தவறும் அலுவலர் மீது 4ஆம் பிரிவு உண்டு.

சென்னைக்கு வரும் மாணவர்களுக்கு ஒரு நடைப்பாதையும் சொல்கிறோம். உயர் நீதிமன்ற வாயிலில் தொடங்குங்கள்; உங்கள் காலடியில் இடிக்கப்பட்ட ஒரு நகரம் இருக்கிறது. சாலையைக் கடந்து எல்லைத் தூணைப் பாருங்கள். தம்புச் செட்டித் தெருவில் வழக்கறிஞர் அறைகளுக்கும் காளிகாம்பாள் கோயிலுக்கும் இடையே நடங்கள். கோடவுன் தெருவுக்குள் நுழைந்து, துணி மூட்டைகளைத் தூக்கும் தொழிலாளியிடம் எங்கே குடியிருக்கிறார் எனக் கேளுங்கள். தங்கசாலைத் தெரு வழியே வடக்கே சென்று, மாடிப் பூங்காவின் மதிலைத் தொட்டுப் பாருங்கள். பின் வால்டாக்ஸ் சாலை வழியே சென்ட்ரலுக்குத் திரும்புங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்விகள் போதும். இச்சுவர் யாரைக் காத்தது? யார் உழைப்பில் எழுந்தது? யாரை வெளியே நிறுத்தியது?

எங்கள் வழக்கில் வாதம் முடிவதற்கு முன்னரே, ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்ட சாலையின் தானப் பத்திரத்தைத் தாக்கல் செய்தோம். சுவரின் நடுப்பகுதி அந்தச் சாலையின் மீதே நின்றது என்பது அளவீட்டில் உறுதியாயிற்று. ஆக்கிரமிப்பை அகற்ற உத்தரவு கிடைத்து, எட்டடி அகலத்தில் சுவர் உடைக்கப்பட்ட மறுநாள் அதிகாலையில் நாங்கள் அங்கே இருந்தோம். ஷிப்டுக்குக் கிளம்பிய பெண்கள் சிலர் அத்திறப்பின் முன் வந்து நின்று தயங்கினார்கள். உத்தரவு கையில் இருந்தும், அந்தப் பக்கத்துத் தெருவில் கால்வைக்க ஒரு கணம் வேண்டியிருந்தது. பிறகு மூத்த பெண் ஒருவர் சாப்பாட்டுக் கூடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முதலில் நடந்தார். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். வேன் வந்தபோது அவர்கள் அனைவரும் அங்கே இருந்தார்கள்.

நூறாண்டுக்கு முன் எழுதப்பட்ட உரிமை அன்று காலை அந்தத் தெருவில் நடைமுறைக்கு வந்தது. எஞ்சியிருக்கும் தெருக்கள் பல. அவற்றில் நடப்பதற்கான சட்டம் நம் கையில் இருக்கிறது; அதைப் பயன்படுத்துவோம்.